இறங்காத பந்தும் ஊதாத விசிலும்

எங்கள் அப்பா மேலே உதைத்த பந்து அன்றைக்குக் கீழே வரவில்லை, மறுநாளும் வரவில்லை, நான் பிறந்து, காது குத்தி, சடங்காகி, கல்யாணமாகி, என் மகன் மீசை முளைத்து துபாய்க்கு வேலைக்குப் போன பிறகும் வரவில்லை. துரை மைதானத்துக்கு நேர் மேலே, பருந்து வட்டமிடுகிற உயரத்தில், கறுப்புப் பொட்டாக நின்றுகொண்டே இருந்தது. இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்றுதான் வெள்ளப்பாறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேலே போன எதுவும் எங்களுக்கென்று இறங்கி வந்த ஊர் இல்லை இது. எனக்குப் பந்தின் மேல் கோபமே கிடையாது. பந்தைக் காட்டிக் காட்டி ஒரு ஊரையே அண்ணாந்து பார்க்க வைத்தார்களே, அவர்கள் மேல்தான் வயிறு எரிகிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே பஞ்சாலை கட்டிய துரை, கையோடு கருங்கல் கேலரியும் தேக்குமரக் கூரையும் வைத்து ஒரு கால்பந்து மைதானமும் கட்டினார். துரை கப்பலேறிப் போனார், மில்லும் மைதானமும் உள்ளூர்ப் பணக்காரர்கள் கைக்கு வந்தன, எங்களுக்கு ஒன்றும் மாறவில்லை. நாங்கள் பதலி லைன்காரர்கள். பதலி என்றால், நிரந்தரத் தொழிலாளி எவனாவது வராத நாளில் அவனுக்குப் பதிலாக உள்ளே போகிறவன். விடியுமுன்னே மில் கேட்டில் போய் நிற்க வேண்டும், வருகை எழுதுகிற டைம் ஆபீஸ்காரன் விரலை நீட்டினால் வேலை, நீட்டாவிட்டால் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளைகள் முகத்தில் முழிக்க வேண்டும். எங்கள் தாத்தா பதலியாகவே செத்தார். அப்பாவும் அப்படியே போயிருப்பார், அந்த வருஷம் மில் மேனேஜர் மைக்கைப் பிடித்து, இந்தக் கோப்பையை மட்டும் நம் அணி ஜெயித்துக் கொடுத்துவிட்டால் பதலிகள் அத்தனை பேரும் நிரந்தரம் என்று சொல்லாமல் இருந்திருந்தால்.

இறுதி ஆட்டம் துறைமுகத்துக்காரர்களோடு. எங்கள் அணியில் பாதிக்கு மேல் பதலிகள். அப்பா வெயிலுகந்தான்தான் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவர், வெறுங்காலில் ஆடுவார். இடது ஓரத்தில் ஓடுகிற லாசர் இடைவேளைக்கு முன்பே ஒரு கோல் போட்டுவிட்டார். அப்புறம் துறைமுகத்துக்காரர்கள் மோதின மோதலில் எங்கள் ஆட்கள் நாக்குத் தள்ளி நிற்க, நேரம் முடிகிற கடைசிக் கணத்தில் கோல் வாசலுக்கு வந்த பந்தை அப்பா வானத்தைப் பார்த்து ஓங்கி ஓர் உதை விட்டார். கீழே வருவதற்குள் நேரம் போய்விடும் என்றுதான் விட்டார். போனது போனதுதான்.

எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. தெருவில் பயல்கள் ஆடுகிற ஆட்டம் மில் சங்கு ஊதியதும் முடியும், ஆனால் சங்கு ஊதுகிற நேரத்தில் பந்து ஆகாயத்தில் இருந்தால் அது தரை தொடுகிறவரை எல்லோரும் பொறுத்திருப்போம். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. மேலே போட்டதைப் பாதியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட ஒழுங்கு. நடுவராக நின்றவர் டைம் ஆபீஸ் பிச்சையா, அவரும் அன்றைக்குப் பதலிதான். விசிலை வாயில் வைத்துவிட்டார். அந்தச் சமயம் பார்த்து மேனேஜர் மேடையில் எழுந்து கையைக் காட்டி, "பந்து இறங்கட்டும். இந்த ஊர் வழக்கத்தை நாங்க மதிக்கிறோம்" என்று மைக்கில் சொன்னார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்களாம். நம் பழக்கத்தை இவ்வளவு பெரிய மனுஷன் மதிக்கிறாரே என்று சீட்டி அடித்துக் கை தட்டினார்களாம்.

முதல் வாரம் ஊரே மைதானத்தில் கிடந்தது, அப்புறம் பழகிப்போனது. பந்து கண்ணுக்குப் பொட்டாகத் தெரிந்தாலும் அதன் நிழல் ஒரு சுளகு அகலத்துக்கு விழுந்தது, காலையில் நிரந்தரக்காரர்களின் ஓட்டு வீடுகளில் தொடங்கி, உச்சிப்பொழுதில் மைதானத்தின் நடு வட்டத்தில் நின்று, சாயங்காலம் எங்கள் பதலி லைனில் வந்து படுத்துக்கொண்டது. நிழல் போகிற வழியில் யாரும் வடகம் காயப்போடவில்லை, பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதித்துப் பந்தயம் கட்டினார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் அது வாசலைக் கடந்த பிறகே உள்ளே வந்தார்கள், பள்ளிக்கூடத்தில் புவியீர்ப்புப் பாடம் வந்தால் வாத்தியார் சன்னலைச் சாத்திவிட்டு நடத்தினார். தீயணைப்பு வண்டி ஏணி எட்டவில்லை. ஒரு தேர்தலில் பந்தை இறக்கிக் காட்டுகிறேன் என்றவர் ஜெயித்தார், அடுத்த தேர்தலில் பந்தைக் காப்பாற்றுவேன் என்றவர் ஜெயித்தார். பந்து இறங்கினால் ஆட்டம் முடியும், ஆட்டம் முடிந்தால் முடிவு தெரியும், முடிவு தெரிந்தால் நிரந்தரம் பற்றிப் பேசலாம் என்று மில்லில் சொன்னார்கள், சொல்லிக்கொண்டே இருந்தார்கள், நாங்களும் கேட்டுக்கொண்டே இருந்தோம். பிச்சையாவை மட்டும் மறுநாளே டைம் ஆபீஸில் நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். விசில் ஊதாததற்குச் சம்பளம் அது.

பழி முழுக்க எங்கள் அப்பா தலையில். கொஞ்சம் மெல்ல உதைத்திருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும் என்று ஊரே கேட்டது. "ஜெயிச்சுக்கிட்டுத்தான்வே இருந்தோம்" என்று அப்பா யூனியன் கூட்டத்தில் ஒரே ஒரு தடவை எழுந்து சொன்னார். முதலில் பந்தை இறக்கும், பிறகு பேசும் என்று கத்தி உட்கார வைத்தார்கள். அதோடு அவர் தலை குனிந்ததுதான். நான் பார்த்த நாளாக அப்பா தரையைப் பார்த்தே நடந்தார், மழை வருகிறதா என்றுகூட அண்ணாந்து பார்க்க மாட்டார், என்னைத்தான் கேட்பார். மில்லை இழுத்து மூடினபோது நிரந்தரக்காரர்களுக்குக் கணக்குத் தீர்த்தார்கள். பதலிகளுக்கு, உங்கள் ஆட்டம் இன்னும் முடியவில்லையே என்று வெறுங்கையை விரித்தார்கள். லாசர் பம்பாய்க்குப் போய் அங்கேயே மண்ணானார். கோல் காத்த ஆவுடையப்பன் மாமா போன மாசம் செத்தார், அப்பாவுக்கு உயிர்ச் சிநேகிதர். பாடையைத் தூக்கும்போது அப்பா தோள் கொடுக்கப் போனார். ஆவுடையப்பன் மாமாவின் மூத்த மகன், "நீரு தள்ளி நில்லும்வே, உம்மாலதான் எங்கப்பா கஞ்சிக்கு இல்லாம செத்தாவ" என்று கையைத் தட்டிவிட்டான். அப்பா தள்ளி நின்றார். வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் செத்தால் தூக்க நாலு பேர் வருவார்களா என்ற பயம் அன்றைக்கு எனக்கு வந்தது. பயம் வந்த அடுத்த நிமிஷம் ஆத்திரம் வந்தது.

அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் டிரஸ்ட்டிலிருந்து ஆள் வந்தான். மைதானம் இப்போது மில் முதலாளி குடும்பத்து டிரஸ்ட்டின் கையில் இருக்கிறது. கருங்கல்லைக் கழுவி, கூரைக்கு வார்னிஷ் அடித்து, பாரம்பரிய அரங்கம் என்று போர்டு மாட்டி, யாரும் பார்க்காத இடமெல்லாம் சுற்றிக் காட்டுகிறோம் என்று டிக்கெட் போட்டு விற்கிறார்கள். மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள். நான் மினி பஸ்ஸில் கண்டக்டர், தினமும் "பந்து ஸ்டாப்பிங் இறங்கு" என்று கத்தி விசில் கொடுப்பவள். எனக்குத் தெரியாதா அங்கே எவ்வளவு கூட்டம் என்று. பந்தை உதைத்தவரே நேரில் வந்து, உதைத்த இடத்தில் நின்று, ஒரு தடவை காலைத் தூக்கிக் காட்டினால் விருந்தினர்கள் சந்தோஷப்படுவார்கள் என்றான் வந்தவன். அப்பா வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

"எதுக்குட்டி?" என்றார் அப்பா, அவன் போன பிறகு.

"காலத் தூக்கிக் காட்டுறதுக்கு இல்லப்பா. உள்ள என்னதான் வச்சிருக்கானுவன்னு பாத்துட்டு வருவோம்."

சுற்றிக் காட்டுகிற பையன் பெயர் ஜெபர்சன். கழுத்தில் அட்டை, காதில் மைக், தேனொழுகப் பேச்சு. பத்துப் பன்னிரண்டு டிக்கெட்காரர்களோடு எங்களையும் சேர்த்து முதலில் உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போனான். அப்பா காலத்தில் அது பஞ்சு மூட்டை அடுக்குகிற கொட்டடியாம், பதலிகள் வேப்பமரத்தடியில்தான் சட்டை மாற்றினார்களாம். இப்போது ஏசி போட்டு, பெஞ்சு போட்டு, சுவர் உயரத்துக்கு அப்பாவை வரைந்து வைத்திருந்தார்கள். படத்தில் அப்பாவுக்கு வெள்ளை ஷூ போட்டுவிட்டிருந்தார்கள். ஒரு அம்மாள் அந்த ஷூவைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். அப்பா தன் வெடித்த பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சுவரைச் சுரண்டி எடுத்திருப்பேன்.

"அடுத்து யாருக்கும் காட்டாத இடம்" என்று ஜெபர்சன் ஒரு மரப்படியில் ஏற்றினான். ஸ்கோர் போர்டை மூடிய துணியின் பின்பக்கம். போர்டை எனக்கு விவரம் தெரிந்த நாளாக ஏதாவது விளம்பரத் துணி மூடியிருக்கும்; துணிக்குப் பின்னால் புறா எச்சமும் சிலந்திவலையும், ஆணியில் தொங்கும் இரண்டு இரும்புத் தகடுகளும் இருந்தன. பெயிண்ட் எழுத்து மங்கவில்லை. மில் அணிக்கு நேரே ஒன்று. துறைமுக அணிக்கு நேரே சைபர்.

"அன்னைக்கு மாட்டின தகடு சார், யாரும் தொட்டதில்ல" என்றான் ஜெபர்சன். "ஏன்னா மேட்ச் இன்னும் முடியலையே!" எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா கையை நீட்டி அந்த ஒன்றைத் தடவினார். "லாசர் போட்டது" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார், "நேரம் முடிஞ்சு போச்சுட்டி. மணிக்கூண்டப் பாத்துட்டுத்தான் மேல அடிச்சேன். பந்து எறங்குனா என்ன, எறங்காட்டா என்ன. அதச் சொன்னா ஒருத்தன் கேக்கலியே."

எனக்கு உச்சந்தலை காந்தியது. இவ்வளவு காலமும் தகடு இங்கேயே தொங்கியிருக்கிறது, ஊர் முழுக்க அதைக் கண்ணால் பார்த்த ஆட்கள் இருந்திருக்கிறார்கள், ஒருத்தருக்காவது குனிந்து இதைப் பார்க்கத் தோன்றவில்லை. பந்து விழுந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று சொல்லிச் சொல்லி, ஜெயித்ததையே மறந்துபோன கூட்டம் உலகத்தில் எங்களைத் தவிர எங்கே இருக்கும்!

கடைசியாகப் புல்வெளிக்கு இறக்கினார்கள். உச்சிவெயில். நடு வட்டத்தில், பந்தின் நிழலில், கறுப்பு அரைக்கால் சட்டையும் வற்றிய தொடையுமாக டைம் ஆபீஸ் பிச்சையா நின்றுகொண்டிருந்தார். விசில் வாயில். டிரஸ்ட் அவருக்குச் சம்பளம் கொடுத்து சனி ஞாயிறுகளில் நிறுத்தி வைத்திருந்தது. ஆட்கள் அவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள். நான் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"நேரம் முடிஞ்சுட்டா, முடியலியா? நீரே சொல்லும்."

விசிலை எடுத்தார். "யாரு? வெயிலு மவளா?"

"மாடத்தி. கேட்டதுக்குப் பதில் சொல்லும்."

"முடிஞ்சுட்டு தாயி. வாயில வச்சிட்டேன். மேனேஜர் கையக் காட்டிட்டாவ."

"அவரு செத்துப் பல வருஷம் ஆச்சு. மில்லுல ஆலமரம் முளைச்சாச்சு. இன்னும் எவன் கைக்கு நிக்கீரு?"

"ஊதச் சொல்லி ஆர்டர் வரலியே" என்றார், கொஞ்சம்கூடக் கூசாமல். "பந்து மேல இருக்கைல ஊதலாமா? நம்ம ஊரு வழக்கம் இல்லயே அது."

"நம்ம ஊரு வழக்கமா! ஆவுடையப்பன் மாமா பட்டினியில செத்தாவ, அது எந்த ஊரு வழக்கம்? நிரந்தரம் வாங்கித் தின்னீரே, அது எந்த ஊரு வழக்கம்வே? ஊதும். ஒரே ஒரு ஊது. எங்கப்பன் தலை நிமிரட்டும்."

பிச்சையா விசிலை வாய்க்குக் கொண்டு போனார், என்னைப் பார்த்தார், கேலரி மாடத்தில் இருந்த டிரஸ்ட் ஆபீசைப் பார்த்தார், மறுபடியும் இறக்கிவிட்டார். அந்தச் சோம்பேறி விசிலை நம்பியா ஒரு ஊர் காத்துக் கிடந்தது என்று இருந்தது எனக்கு. தோள் பைக்குள் கை விட்டேன். லீவு நாளானாலும் அது என்னிடம் இல்லாமல் இருக்காது.

"மேடம், மேடம், அது அலவ்டு இல்ல" என்று ஜெபர்சன் ஓடி வந்தான்.

நான் ஊதினேன். பஸ்ஸை நிறுத்துவதற்குக் கொடுக்கிற ஒற்றை விசில், இழுத்து, நெஞ்சில் இருக்கிற காற்றெல்லாம் தீர, பதலி லைன் கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி. யார் ஊதினார்கள், மில் விசிலா மினி பஸ் விசிலா என்றெல்லாம் பந்து பார்க்கவில்லை. யாராவது ஒருத்தர் முடித்து வைத்தால் போதும் என்று அது காத்திருந்திருக்கிறது, அவ்வளவுதான். காலடியில் நிழல் சுளகிலிருந்து தாம்பாளமாகி, தட்டாகி, சுருங்கிக்கொண்டே வந்தது. மேலேயிருந்து எந்தப் பந்தும் வருகிற சாதாரண வேகத்தில் அந்தப் பந்தும் வந்தது.

அப்பா நிமிர்ந்தார். கழுத்து எலும்பு சொடக்குப் போட, கண்ணில் வெயில் விழ, நான் பிறந்த பிறகு முதல் தடவையாக வானத்தைப் பார்த்தார். பந்து நேரே அவர் மேல்தான் வந்தது. வாங்குவார் என்று எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள். அப்பா ஒரு எட்டு விலகிக்கொண்டார். பழந்தோல் பந்து பொத்தென்று விழுந்து, ஒரு தடவை எம்பி, உருண்டு, பிச்சையாவின் காலில் இடித்து நின்றது.

"எடுங்க சார், ஒரு கிக்!" என்றான் டிக்கெட்காரன் ஒருத்தன்.

"ஆட்டம் முடிஞ்ச பொறவு தொடப்பிடாது" என்றார் அப்பா.

மாடத்தில் கதவு திறந்து டிரஸ்ட் மேனேஜர் கத்தினார், யார் அனுமதித்தது, இனி எவன் டிக்கெட் வாங்குவான், கேட்டைப் பூட்டு, அந்தப் பொம்பளையைப் பிடித்து வை என்று. ஜெபர்சன் கையில் சாவிக்கொத்து. கேட்டுக்கு வெளியே அதற்குள் சத்தம் கேட்டது. விசில் சத்தத்துக்குத் தின்ற வட்டிலைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள், பதலி லைன் கிழவர்கள், செத்த பதலிகளின் பெண்டாட்டிகள், பிள்ளைகள், கையில் சோற்றுப் பருக்கையோடு.

"தம்பி, நீ நிரந்தரமா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. காண்ட்ராக்ட்" என்றான். "வர்றவங்க எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டினா பெர்மனென்ட் பண்றேன்னு சொல்லியிருக்காங்க."

சொல்லி முடித்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. புல்லில் கிடந்த பந்தைப் பார்த்தான். ஸ்கோர் போர்டைப் பார்த்தான். மாடத்திலிருந்து மேனேஜர், "பூட்டுடா!" என்று மறுபடி கத்தினார். ஜெபர்சன் காதிலிருந்த மைக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நேரே போய் கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டான்.

முதலில் வந்தவன் ஆவுடையப்பன் மாமாவின் மூத்த மகன். விழுந்து கிடந்த பந்தை மிதிக்கிற தூரத்தில் கடந்து வந்து அப்பா முன்னால் நின்றான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெரியப்பா, என்ன ஸ்கோரு?" என்றான்.

அப்பா கையை நீட்டினார். ஜெபர்சன் மேலேறி விளம்பரத் துணியைக் கிழித்து இறக்கிக்கொண்டிருந்தான். "ஒண்ணுக்கு சைபர்" என்றார் அப்பா. கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. இந்தத் தடவை ஒருத்தரும் கை தட்டவில்லை. எல்லோரும் போர்டைப் பார்த்தார்கள், அப்புறம் மெதுவாகத் திரும்பி, மாடத்தில் இருந்த ஆபீசைப் பார்த்தார்கள். மேனேஜர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

அப்பா முதலில் நடந்தார். தரையைப் பார்க்காமல் நடந்து பழக்கமில்லை அவருக்கு, கருங்கல் படியில் ஏறும்போது கால் தடுக்கியது, நான் பதறிப் போய்க் கையைப் பிடித்தேன்.

"விடுட்டி" என்றார், ஆபீஸ் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். "விழுந்தா விழுதேன்."